ஒன்பது நூல்

பகாவிலிருந்து ஆறு மைல், செம்பனைக்குள் ஒரு பழைய கிளப்.
துரைமார் பில்லியர்ட்ஸ் ஆடிய அறையில்
பதினொரு தையல் மிஷின், இரண்டு இஸ்திரிப் பெட்டி,
பன்னிரண்டு பேர். ஆண் நான் ஒருத்தன்.

"மனைவியை இறக்கிவிட வந்தீங்களா?" என்றார்
பெயரட்டை கொடுத்த அம்மா.
மோட்டாரின் பின்சீட்டில் ரப்பர் கயிறு போட்டுக் கட்டிய
என் மிஷினைக் காட்டினேன்.
குணசீலன் என்று எழுதித் தந்தார், ஒரு பிழையோடு.

ஒட்டுத்துணிப் போர்வை, இரண்டு நாள்,
சாப்பாடும் படுக்கையும் சேர்த்து இருநூற்றெண்பது வெள்ளி.
பெண்கள் மாடியில். எனக்கு
பழைய பார் மேசைக்குப் பின்னால் ஒரு கட்டில்.

முதலில் அவரவர் துணியைக் காட்டச் சொன்னார்கள்.
மகளின் பள்ளிச் சட்டை என்றார் ஒருவர்.
போன வருஷம் தவறிய கணவரின் சாரோங் என்றார் இன்னொருவர்.
அறை கொஞ்சம் ஈரமானது.
அப்புறம் தனபாக்கியம், பள்ளிக் கேண்டீன் நடத்துபவர்,
நான்கு மீட்டர் மஞ்சளை உதறிப் போட்டார்.
"மீட்டர் ஏழு வெள்ளி, மலிவு விற்பனை.
கதை ஒன்னுமில்ல. கலர் பிடிச்சது."
எழுந்து கைதட்டலாம் போலிருந்தது எனக்கு.

என் துணிக்கும் கதை கிடையாது. வேலைக்கு உண்டு.
ஆலையில் எடைமேடை என் பொறுப்பு.
குலையோடு லாரி ஏறும், வெறும் லாரி இறங்கும்,
நடுவில் கழிவு:
நீளக் காம்புக்கு இவ்வளவு, காய்க்கு இவ்வளவு,
மழை நாளென்றால் தண்ணீருக்கும் ஒரு பங்கு.
சிறுதோட்டக்காரர் சீட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார்.
அந்த மூன்று விழுக்காடு எங்கே போனதென்று
வாய்விட்டுக் கேட்கமாட்டார்.
பதினாறு வருஷமாய் நானும் சொன்னதில்லை.

மெய் ஃபூங் சிரம்பானில் கணக்காளர்,
வாரக்கடைசியில் எங்களுக்கு ஆசிரியை. பலகையில் எழுதினார்:
வெட்டுவது இரண்டரை அங்குலம்.
தைத்தபின் இரண்டு.
பாக்கி அரை எங்கே?
"கழிவு" என்றேன், கையைத் தூக்கி.
அவர் ஒரு துண்டைத் திருப்பிப் போட்டார்.
பின்பக்கம் இருந்தது அத்தனையும்,
மடிந்து, இஸ்திரி பட்டு, ஒரு பக்கமாய்ச் சாய்ந்து.

சாயங்காலம் மழை. ஆலைப்புகை தரையோடு ஊர்ந்து
ஜன்னல் வழியே வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள்,
எனக்கு அது சம்பள வாசம்.
யாரோ இரண்டு பெட்டியையும் ஒன்றாகச் சூடேற்ற,
பட்டென்று கரண்டு போனது.
பதினொரு மிஷினும் நின்ற அமைதியில்
ஒரே ஓர் ஊசி மட்டும் துணிக்குள் போய் வந்துகொண்டிருந்தது.
ஹஸ்லிண்டா. கையாலேயே தைப்பவர்.
ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்பதுபோல் நிமிர்ந்தார்.

ஃபியூஸைத் தட்டிவிட்டு வந்தபோது
கைப்பேசி வெளிச்சத்தில் என் வரிசையை அளந்துகொண்டிருந்தார்கள்.
பத்துச் சதுரம், இருபதரை வரவேண்டும்.
தனபாக்கியத்தின் மஞ்சள் வரிசை வந்திருந்தது.
அதோடு சேரவேண்டிய என்னுடையது குட்டை.
தையலுக்கு ஒரு நூல் கூடத் தின்றிருக்கிறேன்.
ஒன்பது தையல், ஒன்பது நூல்.
அங்குலத்துக்கு மேலேயும் ஒரு நூல்.

"இழுத்துப் பிடிச்சுத் தைச்சா யாருக்குத் தெரியப்போவுது?"
"என் மஞ்சள் சுருங்குமே" என்றார் தனபாக்கியம்,
பிரிக்கும் கொக்கியை என் பக்கம் நகர்த்தியபடி.
மறுபடி ரம்புத்தான் உரிக்கப் போய்விட்டார்.

பார் மேசையில் குனிந்து ஒன்றரை மணி வரை பிரித்தேன்.
தவளைச் சத்தம். மாடியில் யாரோ சிரித்து
யாரோ அதட்டினார்கள்.

திங்கட்கிழமை பாக் சமாட்டின் லாரி ஏறி இறங்கியது.
சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
வாங்கித் திருப்பி, பின்பக்கத்தில்
காம்பு, காய், தண்ணீர் என்று
ஒவ்வொன்றாய் எழுதிக் கொடுத்தேன்.
கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தாராம்.
படித்துக் காட்டச் சொன்னார்.
பின்னால் நான்கு லாரி, ஹாரன்.
படித்தேன்.