இரண்டாம் முறை கேட்டபோது

ஏப்ரல் வந்த செய்தி நாரின் நகருக்கு இன்னும் எட்டவில்லை.
பள்ளிக் கொதிகலன் நிலக்கரியை மென்று
வகுப்புக்குள் இருமிக்கொண்டிருந்தது.
நான் சைகால், பயிற்சி ஆசிரியை, இருபத்திரண்டு வயது.
மேசையில் ஒரே அளவாய் இரு குட்டைக் குவளைகள்,
ஒல்லியாய் நெட்டையாய் ஒன்று,
ஒரு ஜாடித் தண்ணீர்,
கல்லூரி கொடுத்தனுப்பிய நான்காம் எண் படிவம்.

எதிரே எர்நியாஸ். ஆறரை வயது.
அண்ணனின் சட்டை அவன் விரல்களை விழுங்கியிருந்தது.

குட்டைகள் இரண்டிலும் ஊற்றினேன்.
"இரண்டிலும் ஒரே அளவா?"
கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கிப் பார்த்து
"ஒரே அளவு" என்றான்.
ஒன்றை எடுத்து நெட்டையில் கவிழ்த்தேன்.
"இரண்டிலும் ஒரே அளவா?"
இம்முறை அவன் குவளையைப் பார்க்கவில்லை.
என் முகத்தைப் பார்த்தான்.
பிறகு மெல்ல,
"நெட்டையில் அதிகம்."

படிவத்தில் முகத்துக்குக் கட்டம் இல்லை.
இரண்டாம் படி என்ற கட்டத்தில் குறியிட்டேன்.
உருவம் மாறினாலும் அளவு மாறாதென்று
அறியாத வயது, இயல்பே,
மூன்றாம் படிக்கு நாளாகும்.
பாடநூலே எழுந்து வந்து நடித்துக்காட்டியதுபோல்
அன்றிரவு எனக்கு அத்தனை மகிழ்ச்சி.

தேர்வுக்கு நான் படித்தவை வேறும் உண்டு.
பரிசு தந்தால் பழக்கம் வேர்விடும் என்றது ஒன்று
(உலர்ந்த ஆப்ரிகாட் ஒரு பை வாங்கினேன்,
பாதியை நானே தின்றேன்).
குழந்தை தனியே எட்டும் இடத்துக்கும்
கைபிடித்தால் எட்டும் இடத்துக்கும் நடுவே
சாரம் கட்டு என்றது இன்னொன்று.
"கட்டிவிடலாம் அம்மா, பிரிப்பதுதான் கடினம்.
சாரத்தையே வீடென்று நினைத்துக் குடியிருக்கும்
ஆசிரியர்களை எனக்குத் தெரியும்"
என்பார் விரிவுரையாளர் தோக்தோபூபு
மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி.
சிரித்துக்கொண்டே குறிப்பெடுப்போம்.

மே மாதம் படிவம் பிஷ்கேக் போனது.

ஜூனில் நானும் அதே பாதையில் போனேன்.
டோலோன் கணவாயில் வேன் மூச்சு வாங்க நின்றது.
சாலையோரம் வெள்ளைக் கூடாரம்,
கட்டிவைத்த குதிரைக் குட்டிகள்,
பலகையில் வரிசையாய்க் குமிஸ்.
கோலா குடித்துத் தீர்த்த பாட்டில்கள், நெட்டையும் குண்டுமாய்.
பலகைக்குப் பின்னே அதே சட்டை.
கைகளை மட்டும் மடித்துவிட்டிருந்தான்.

லாரி ஓட்டுநர் ஒருவர் முரண்டு பிடித்தார்,
குண்டு பாட்டிலில் குறைவாம், ஏமாற்றாம்.
எர்நியாஸ் அலட்டிக்கொள்ளவில்லை.
குண்டைத் திறந்து ஒரு மரக் கிண்ணத்தில் ஊற்றினான்,
காலி நெட்டைக்குள் அதைச் சாய்த்தான்,
ஒரு சொட்டும் சிந்தாமல்.
கழுத்துவரை வந்து நின்றது.
"இடுப்பு பெருத்தால் உயரம் குறையும், மாமா.
பால் அதேதான்."

வேனிலிருந்து இறங்கினேன்.
"எஜெ!" என்று சிரித்தான். முன்பல் விழுந்திருந்தது.
"அன்றைக்கு ஏன்டா அதிகம் என்றாய்?"
வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி யோசித்தான்.
"நீங்கள் அதையே மறுபடியும் கேட்டீர்கள்.
அம்மா மறுபடி கேட்டால்
முதலில் சொன்னது தப்பு என்று அர்த்தம்."

ஆழம் பார்க்கப் போனவள் நான்.
அவன் என்னை அளந்து முடித்திருக்கிறான்,
ஒரே பார்வையில், எந்தப் படிவமும் இல்லாமல்,
பெரியவள் மனம் நோகாத விடையை
எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறான்.
அதற்கு எத்தனையாம் படி?

பிஷ்கேக்கில் ஏதோ ஓர் அலமாரியில்
அவன் இன்னும் இரண்டாம் படியில் நிற்கிறான்.
கடிதம் எழுதலாம். எழுத வேண்டும்.
படிகள் பொய் என்று எழுத எனக்குத் துணிவில்லை,
அவன் தம்பி ஒருவேளை
நெட்டையில் அதிகம் என்று நிஜமாகவே நம்பலாம்.
கேட்டவள் கேட்ட விதத்தை எழுதலாம்.

ஓட்டுநர் ஹார்ன் அடித்தார்.
ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்தேன்,
புளிப்பு காதுவரை ஏறியது.
இருநூறு சோம் நோட்டை நீட்டினேன்.
சில்லறையை எண்ணி என் உள்ளங்கையில் வைத்து,
"சரியா, எஜெ?" என்றான்.
ஒரு தடவைதான் கேட்டான்.