இருபது அடி

கட்டபெட்டில் பஸ் ஏறியதும்
கண்டக்டர் ஏதோ கேட்டார்.
உதகை என்றேன்.
அவர் கேட்டது சில்லறை.

மூன்று வருடமாக இப்படித்தான்,
கேட்காத கேள்விகளுக்குப்
பதில் சொல்லி வருகிறேன்.

மடியில் வர்க்கி வாங்கி வந்த பிளாஸ்டிக் பை.
அதற்குள் என் கோப்பு.
மருத்துவக் குழுவின் முதல் தாளில்
ஒரு விரல் அகலத்துக்கு எண்ணெய் ஏறி
அடுத்த பக்கத்து எழுத்தும் தெரிகிறது:
பணியால் வந்ததல்ல.
பணியால் கூடியதுமல்ல.

ஒன்பது வருடம் நான்கு மாதம்
பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றேன்.
காதுக்குப் பஞ்சு தருவார்கள்.
பஞ்சு தீர்ந்த வாரம்
சப்பாத்தி மாவை உருட்டி அடைத்துக்கொண்டோம்.
பனியில் அது காய்ந்து கல்லாகி
ஊக்கால் குத்தி எடுத்தான் பக்கத்து ஆள்.
மாவைப் பற்றிக் கோப்பில் ஒன்றுமில்லை.

இரண்டு காதும் சேர்த்துப் பத்தொன்பது சதவீதம்.
இருபது இருந்தால் மேலே பேசலாம் என்றார்கள்.
அந்த ஒன்று எங்கே இருக்கிறது என்று
தேடிப் பார்த்திருக்கிறேன்.
ஃபாக்டரி சங்கு கேட்கிறது,
குக்கர் விசில் கேட்பதில்லை.
மகள் அழுவது தெரிகிறது,
எதற்கென்று சொல்வது தெரிவதில்லை.

ஆனியில் ஒரு விடியல்.
தேயிலைக்குள் நின்ற காட்டெருமையை நோக்கி
நேராக நடந்திருக்கிறேன்.
பின்னால் மாதி கத்திக்கொண்டே ஓடி வந்து
மண்வெட்டியை எறிந்தாளாம்.
என் தோளைத் தாண்டி அது விழுந்தபோதுதான்
நின்றேன்.
இரண்டு பேரையும் முறைத்துவிட்டு
எருமை மெதுவாகப் போனது.

இதை மேல்முறையீட்டில் எழுதியிருந்தாள்.
நல அலுவலகத்தில் ஞானதுரை,
அவரும் பழைய ஹவில்தார்,
படித்துவிட்டுக் கோடு போட்டு அடித்தார்.
ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினார்:
"விலங்கு என்றால் வனத்துறை."

அப்புறம் பெயர்.
ரெகார்டில் ஆலன்.
பள்ளிச் சான்றிதழில் ஹாலன், த/பெ போஜன்.
வடக்கே எவனோ ஓர் எழுத்தைத் தின்றுவிட்டான்.
இருவரும் ஒருவரே என்று
நூற்றைம்பது ரூபாய் கொடுத்து
நோட்டரி முன்னால் உறுதி சொன்னேன்.
முழு உறுதியாகச் சொல்லவில்லை.

இன்றைக்கு ஞானதுரை
கோப்பின் அடியிலிருந்து
பழுத்த தாள் ஒன்றை உருவினார்.
சேர்ந்த நாளின் சோதனை. வெலிங்டன்.
விரலை வைத்துக் காட்டினார்:
கிசுகிசுப்பு, இருபது அடி, இரு காதும் இயல்பு.

ஞாபகம் வந்துவிட்டது.
நீள அறை, சட்டையில்லாமல் நாங்கள் பதினோரு பேர்.
சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள்.
ஜன்னலுக்கு வெளியே கற்பூர மரத்தில் காற்று.
அதற்குள்ளே டாக்டர்,
உதட்டைத் தாண்டாத குரலில்,
அறுபத்தெட்டு என்றார்.
அறுபத்தெட்டு என்றேன்.
அதைவிடத் தணிந்து கம்பவுண்டரிடம்
"நல்ல காது, பீரங்கிக்குப் போவான்" என்றார்.
அதுவும் கேட்டது.
திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை,
சொல்லவில்லை.

வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி
ஞானதுரை எழுதினார்:
"நல்லதாக வாங்கிக்கொண்டு
கெட்டதாகத் திருப்பித் தந்தால்
வாடகை சைக்கிள்காரன் கூடக் கேட்பான்.
இதை வைத்து எழுதுவோம்."
எழுதினோம். நான்கு பக்கம்.
நடுவில் மின்சாரம் போய்
ஜெராக்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன்.

முத்திரை குத்தினார்கள்.
மேஜையில் வைத்திருந்த உள்ளங்கைக்கு
அது கேட்டது.
ஆறு மாதம் ஆகலாம். பதிவு எண்ணைத் தொலைக்க வேண்டாம்.

தொட்டபெட்டா திருப்பத்தில் மேகம் இறங்கியிருந்தது.
டிரைவர் ஹாரனில் கையை எடுக்கவில்லை போல,
முன் சீட்டுக் குழந்தை காதைப் பொத்திக்கொண்டது.

கட்டபெட்டில் இறங்கினால்
எதிர்ச்சாரியில், டீக்கடை விளக்கடியில் மாதி.
தலைத்துணியை விலக்கிக்கொண்டு
என்னவோ கேட்டாள்.
இருபது அடி இருக்கும்.

ஆமாம் என்று சொல்லிவிடாமல்
சாலையைத் தாண்டி
அவள் கிட்டே போனேன்.