பாலம் என்று பெயரிட்ட தாள்

சோஹார் நகராட்சி, மூன்றாம் தளம்.
ஒழுகும் ஏசிக்குக் கீழே வைத்த வாளி
எந்தத் திட்டத்தில் வரும் என்று
காலையிலிருந்து பேச்சு.

முன்பெல்லாம் சுலபம்:
வாளி, 2104, சில்லறைப் பொருட்கள்.
இப்போது வாளிக்கு ஒரு நோக்கம் வேண்டும்,
நோக்கத்துக்கு ஓர் இலக்கு,
இலக்குக்கு ஒரு பொறுப்பாளர்.
பொறுப்பாளர் விடுப்பில் இருக்கிறார்.

ஆலோசகர் வெலிங்டனிலிருந்து வந்தவர்.
அங்கே தொடங்கி முப்பது வருடத்துக்கு மேலாச்சாம்,
இன்னும் முடியவில்லை என்பதைத்
தேநீர் நேரத்தில் மட்டும் சொன்னார்.
அவருக்கு முன்னால் ஒருவர், சியோல்காரர்.
அவர் விட்டுப்போன கோப்பில்
விளைவு என்ற ஒரு சொல்லை
மூன்று துறைகள் மூன்று அரபுச் சொல்லால் எழுதியிருந்தன.

வடிகால் பிரிவு ஹிலால் அல் ஷிஸாவி
கையை விரித்தார்:
"நான் தூர்வாருவது மீட்டர் கணக்கு.
வீட்டுக்குள் தண்ணீர் வராதது
மேகத்தின் கணக்கில்லையா?"

போன வருடம் மழையே இல்லை.
எங்கள் விளைவு நூறு சதவீதம்.
இந்த வருடம் இருமடங்கு வாரினோம்.
பிப்ரவரியில் வறண்ட வாதி புரண்டு வந்து
பள்ளிக்கூடத் தெருவில் கட்டில்களை மிதக்கவிட்டது.
நாற்பத்தொன்று. சிவப்பு.

கொசு குறைந்ததை மட்டும்
சுகாதாரம் தன் பிள்ளை என்றது,
வேளாண்மை தன் பிள்ளை என்றது,
நாங்களும் விடவில்லை.
மருந்தடித்த டீசல் பில்லுக்குத்தான்
தகப்பன் கிடைக்கவில்லை.

நான் ஒப்பந்தக் கணக்கன், பதினோராம் வருடம்.
என்னிடம் ஒரு தாள் இருக்கிறது, பெயர் பாலம்.
மேல்பாதியில் பாதுகாப்பான நகரம், மகிழ்ச்சியான குடிமக்கள்.
கீழ்ப்பாதியில் டீசல், கையுறை, கூலி.
மஸ்கட் படிக்கக் கேட்பது மேல்பாதி,
பணம் விடக் கேட்பது கீழ்ப்பாதி.
ஒன்றை மற்றொன்றாக மாற்றும் சூத்திரம்
என் ஒருவனுக்குத்தான் தெரியும்.
ஏழு இயக்குநர்கள் கையெழுத்திட்ட சீர்திருத்தத்தின் கடவுச்சொல்
நான் விற்றுவிட்ட டி.வி.எஸ் வண்டியின் எண்.

டிசம்பர் வந்தது.
மிச்சம் வைத்தால் அடுத்த வருடம் வெட்டு.
பதினான்கு நாற்காலிகள் வந்திறங்கின, பாலிதீன் பிரிக்காமல்.
எந்தத் திட்டம் என்றேன்.
"மகிழ்ச்சியான குடிமக்கள்,"
கண் சிமிட்டாமல் சொன்னார் ஹிலால்.

கையுறைக்குக் கையெழுத்து வாங்க
மேலே வந்தான் ஷஃபீகுல்,
சாக்கடைக்குள் இறங்குகிறவன்.
திரையில் சிவப்பைப் பார்த்து
என்ன அது என்றான். சொன்னேன்.
"அந்தத் தெருவா?
வடிகால் வாய்மேல் ரோடுக்காரன் தார் போட்டு
ரெண்டு வருஷம் ஆச்சே, பாய்."

சாலைத் துறையின் தாளைத் திறந்தேன்.
கிலோமீட்டர் இலக்கைத் தாண்டியிருந்தது. பச்சை.

அந்தத் தாரை எழுத
என் பாலத்தில் வரிசை இல்லை, பத்தியும் இல்லை.
நாற்பத்தொன்றின் மூலையில்
ஒரு குறிப்பாகச் செருகி வைத்தேன்.

அச்செடுத்தால்
அது வராது.