எதிரணிக்காரர்

சனிக்கிழமை காலை என் கறுப்பு ஜெர்சி
இன்னும் ஈரமாய்க் கொடியில் தொங்கும்.
அப்பா காருக்குள் உட்கார்ந்துகொண்டு
இரண்டு முறை ஹார்னைத் தட்டுவார்.
அவருக்கு ஜெர்சி கிடையாது.
யார் வந்து எங்களை அடிக்கிறார்களோ
அவர்கள்தான் அவர் அணி.

சாட்ஸ்வொர்த் மூன்றாம் யூனிட்டிலிருந்து
டர்பன் கடல் கண்ணில் படும்வரை
ஒவ்வொருவனாகப் பெயர் சொல்லி
முட்டி, தோள், தொடைத் தசைநார் என்று
கவலைப்பட்டுக்கொண்டே வருவேன்.
அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள் நான்,
முட்டிகளுக்காகச் சம்பளம் வாங்குகிறவள்.
அப்பா இண்டிகேட்டரைப் போட்டபடி
"அந்தப் பக்கத்துப் பத்தாம் நம்பர் நல்லா உதைக்கிறான்" என்பார்.

கிங்ஸ்மீடில் கிரிக்கெட்,
பாதி நாள் தார்ப்பாயில் தேங்கிய மழையைப் பார்ப்போம்.
கால்பந்துக்குப் பச்சை வெள்ளைச் சால்வை வேறு.
ரக்பிக்குக் கறுப்பு.
திங்கள் சாயங்காலம் பல்கலைக்கழகப் பையன்கள்,
புள்ளிப் பட்டியலின் அடியைப்
பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்கள்.
எதையும் விடுவதில்லை நான்.
ஒரே வாரத்தில் மூன்று தோல்வி பார்த்துவிட்டு
செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனால்
நொம்ஃபுண்டோ ஒன்றும் கேட்காமல்
என் டீயில் இரண்டாவது சர்க்கரையைப் போடுவாள்.

எழுபதில் அப்பாவுக்குப் பதினேழு வயது.
கோல் கம்பத்துக்குப் பின்னால்
கம்பிவேலி போட்ட மூலை,
இவர் நிறத்தவருக்கென்று ஒதுக்கிய பலகை.
அதில் ஏறி நின்று
நியூசிலாந்துக்காகக் கத்தினார், தொண்டை கட்டும்வரை.
"வேலிக்கு வெளியே இருந்தவனுக்கு அது ஊர் அணி.
உள்ளே இருந்தவனுக்கு?"
அவ்வளவுதான் சொல்வார்.
அப்புறம் ரேடியோவைக் கூட்டி வைப்பார்.

வேலி போய் முப்பது வருஷத்துக்கு மேல்.
இப்போது எங்களுக்கு நடு வரிசையில் சீசன் டிக்கெட்,
பணம் அவர்தான் கட்டுகிறார்.
இந்தப் பக்கம் பஸ் ஓட்டும் ஜபுலானி.
அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற டீச்சர் ஹெஸ்டர்,
பில்டாங் பொட்டலத்தை வரிசை முழுக்க நீட்டுவாள்.
நாங்கள் டிரை போட்டால் எல்லாரும் எழுவோம்,
பல் விழுந்த இடம் மாதிரி
அப்பா மட்டும் உட்கார்ந்திருப்பார்.
எதிரணி போட்டால் அவர் எழுவார்,
கை தட்டாமல், தெர்மாஸை மார்போடு பிடித்து.
ஜபுலானிக்கு அவர் 'உளவாளி'.
உளவாளிக்கும் பில்டாங் உண்டு.

போன மார்ச்சில் ஒரு திங்கள்.
மேட்டு மைதானம், புல் சரிவு, மடக்கு நாற்காலிகள்.
கேப் பக்கத்திலிருந்து வந்திருந்தவர்கள்
ஒவ்வொருவனும் ஒரு ஃபிரிட்ஜ்.
எங்கள் பதினைந்தாம் நம்பர் ஒல்லிக்குச்சி,
காயாவோ என்னவோ பெயர்,
ஜெர்சி முழங்கால்வரை தொங்கியது.
ஒரு புள்ளி பின்னால். கடைசி பெனல்ட்டி.
அவன் பந்தை வைத்தான், எடுத்தான்,
மறுபடி வைத்தான்.
சரிவில் ஒரு கொட்டாவிச் சத்தம்கூட இல்லை.

உதைத்தான்.

"போ!"

என் காதோரம், அப்பா குரல்.
பந்தைச் சொன்னாரா, அந்தப் பையனையா,
விலகிப்போ என்று என்னையேவா.
தெர்மாஸ் மூடி புல்லில் உருண்டு இறங்கியது.
பந்து வலது கம்பத்தில் டங்கென்று பட்டு
உதைத்தவனைப் பார்த்தே திரும்பி வந்தது.

ஃபிரிட்ஜ்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு குதித்தன.
நான் மூடியைத் தேடப் போனேன்.
ஒரு மாணவன் அதில் பீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தான்,
சோகத்தில், தெரியாமல்.

மேவில் இறக்கத்தில் சிவப்பு விளக்கு.
"வாழ்த்துகள்" என்றேன், வழக்கம்போல.
வழக்கமான சிரிப்பு வரவில்லை.
பச்சை விழுந்தது. வண்டி நகரவில்லை.
பின்னால் டாக்ஸிக்காரன் ஹார்னில் ஏறி உட்கார்ந்தான்.

"அந்த வலது கம்பம்," என்றார் அப்பா,
"கொஞ்சம் உள்ளே சாய்ஞ்சிருக்கு.
யாராவது புகார் எழுதிப் போடணும்."