வலக்கைக்கு லீவு

பனியில் வழுக்கி பஸ் நிறுத்தத்தில் விழுந்து
வலது மணிக்கட்டு மாவுக்கட்டில் கிடந்த ஆறு வாரம்
இடக்கையால் வரைந்த எழுத்துரு இது.
பி-க்குத் தொப்பை.
எஸ் எப்போதும் படிக்கட்டில் சறுக்கிக்கொண்டே வரும்.
இரண்டு ஓ பக்கத்தில் நின்றால்
ஒன்று மற்றதைப் பார்த்துக் கண்ணடிக்கும்.
பெயர் வைத்தேன்: வலக்கைக்கு லீவு.
ஒரு சாண்ட்விச் விலை.
கீழே பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை:
தலைப்புக்கு மட்டும். நீண்ட பத்திக்கு ஆகாது,
வாசிப்பவருக்குத் தலை சுற்றும்.

தலைப்புக்கென்றே பிறந்ததற்கும்
ஒரு தலையெழுத்து உண்டல்லவா,
என்னைக் கேட்காமல் ஊர் சுற்றியது.
மீன் வறுவல் கடையின் கண்ணாடியில் ஏறிக்கொண்டது.
ஜாம் புட்டிகளில் ஒட்டிக்கொண்டது.
பல் டாக்டர் வாங்கி 'வலிக்காது' என்று எழுதி மாட்டினார்,
ஒரு பிள்ளையும் நம்பவில்லை.
நகராட்சி அபராதச் சீட்டில் அச்சடித்தது;
விளையாட்டு என்று நினைத்து ஒருவரும் கட்டவில்லை.
மோர்வித் என்கிற அம்மாள்
கணவரின் இறுதிச் சடங்கு அட்டைக்கு வாங்கினார்.
'அவரும் ஒருநாள்கூட நேராக நின்றதில்லை' என்று எழுதியிருந்தார்.
அந்தக் கடிதத்தை எந்தக் கோப்பில் வைப்பதென்று
இன்னும் தெரியவில்லை.

பிறகு இட்வால் போன் செய்தார், பிளம்பர்,
மேல்தெருக்காரர், ஒரே ஒரு வேனுக்கு முதலாளி.
"உன் எழுத்தில் என் தண்ணீர் ஓட்டை."
போய்ப் பார்த்தேன்.
வெல்ஷில் தண்ணீருக்கு டூர் என்று பெயர்.
நடு எழுத்தின் தலையில் ஒரு சின்ன முக்கு உண்டு,
அதை நாங்கள் அழைப்பதே 'சின்னக் கூரை' என்றுதான்.
அதை வரைய மறந்திருக்கிறேன்.
வேனின் பக்கவாட்டில், மூன்றடி உயரத்தில்,
டி, ஒரு காலிச் சதுரம், ஆர்.
"ஓட்டை அடைப்பது என் தொழில்தான்,
ஆனால் இது உன்னுடையது" என்றார்.

எங்கள் வீடு என்ற சொல்லுக்கும் அதே கூரைதான்.
மலையையே உடைத்து ஸ்லேட் ஓடாக்கி விற்ற ஊர்,
மழை விட்டால் ஜன்னலைத் திறந்து என்ன ஆயிற்று என்று பார்ப்போம்;
அங்கே பிறந்த நான்
கூரை போடாமல் வீட்டை விற்றிருக்கிறேன்
இருநூற்றுப் பதினோரு பேருக்கு.

கட்டுப் பிரித்த வலக்கையால் வரைந்தேன்.
அளவெடுத்தாற்போல வந்தது,
பிறந்தநாள் விருந்தில் நுழைந்த போலீஸ்காரர் மாதிரி.
வலக்கையைக் கோட்டுப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு
இடக்கையிடம் பிரஷைக் கொடுத்தேன்.
அதற்குள் அதுவும் கெட்டுப்போயிருந்தது:
நன்றாக வரையப் பழகியிருந்தது.
பதினேழு கூரை. பதினேழும் ஒழுங்கு.
பதினெட்டாவதில் தும்மினேன்.
ஒரு பக்கம் சரிந்து, மறு ஓரம் தூக்கிக்கொண்டு,
காற்றில் பறக்கப் போய்ப் பிடித்து வைத்த தொப்பி போல
அது.

இட்வால் காசு தரவில்லை. நானும் கேட்கவில்லை.
வந்து என் சமையலறைக் குழாயைச் சரிசெய்தார்.
வாசலில் மழையில் நின்றது வேன்,
எழுதிய தண்ணீர் மேல் எழுதாத தண்ணீர் வழிய.

குழாய் இன்னும் சொட்டுகிறது.
அவரிடம் சொல்லவில்லை.
இடக்கையால் திருகினாரோ என்னவோ.