மண்: இல்லை

கோபே துறைமுகம், பிப்ரவரி, மூன்றாம் எண் கொட்டகை.
பதினாறு வருடமாக
ஏற்றுமதி மரங்களுக்கு வேர் கழுவுகிறேன்.
தாவர ஆய்வாளர் என்று அடையாள அட்டை சொல்லும்.

மரம் எல்லை தாண்டலாம், மண் தாண்டக் கூடாது.
ஒரு சிட்டிகைக்குள் எத்தனை புழு, எத்தனை முட்டை,
யார் கண்டது.
ஆகவே தட்டைக் கவிழ்த்து, குழாயைத் திருகி,
கறுப்பு நீர் வெளுக்கும்வரை.

இன்று வந்தது ஒரு ஜூனிப்பர்.
முழங்கை உயரம். பாதி உடம்பு செத்து
எலும்பாய் வெளுத்திருக்கிறது.
மீதிப் பாதியில் உயிர் ஒரு நரம்பாகச்
சுற்றிச் சுற்றி ஏறி
உச்சியில் ஒரு கைப்பிடி இலை.
போகும் ஊர் ஆன்ட்வெர்ப்.

கொண்டுவந்த தொகுநாகா காகிதத்தை நீட்டினார்.
இதோய்காவா, சுண்ணாம்புப் பாறை.
தெஞ்சிரோ என்பவன்
வைக்கோல் திரித்த கயிற்றில் தொங்கி எடுத்தது.
வயது என்ற இடத்தில் முந்நூறு என்று எழுதி, அடித்து,
'பாறையைக் கேட்கவும்' என்று யாரோ.

வாங்குகிறவர் கேட்டாராம், இதன் விதை கிடைக்குமா என்று.
குள்ள விதை என்று ஒன்று கிடையாது, ஐயா.
இதன் விதையைத் தரையில் போட்டால்
ஆளை மறைக்கும்.

பெட்டியின் மேல் இரண்டு எழுத்து.
சீனத்திலிருந்து கப்பலேறி வந்தவை
(அன்று யாரும் கழுவிப் பார்க்கவில்லை).
முதல் எழுத்து தட்டு:
கீழே பாத்திரம், அதன் தலைமேல் 'பிரி'.
அடுத்தது நடுதல்:
ஒரு மரம், அதன் தோளில் சாய்ந்த ஈட்டி.
பள்ளியில் நூறு முறை எழுதியிருக்கிறேன்.
ஈட்டி இன்றுதான் கண்ணில் பட்டது.

மனிதன் பிறகு வந்தவன்.
பனி முதலில் உட்கார்ந்து வளைத்தது.
கடற்காற்று கம்பி சுற்றியது.
மலையாடு கொழுந்தைக் கத்தரித்தது.
ஒரு விரல் அகல வெடிப்பு, அதுதான் தட்டு.
தெஞ்சிரோ ஏறிப் போனபோது
வேலை முடிந்து
கையெழுத்து மட்டும் பாக்கி.

கழுவினேன். தட்டு போனது, மண் போனது.
தட்டில் நட்டது என்பதுதான் பெயரென்றால்
என் கையில் இப்போது சொட்டிக்கொண்டு நிற்பதை
என்னவென்று கூப்பிடுவது?

அப்போது விரலில் இடறியது.
வேர்களின் நடுவே ஒரு வெள்ளைக் கல், பல் அளவு.
நாலு பக்கமும் வேர் மூடி
உள்ளங்கையில் காசு போல.
பாறையின் துண்டு.
கூடவே இறங்கி வந்திருக்கிறது.

விதி சொல்கிறது: மண், மணல், கல்
முழுமையாக நீக்கப்பட வேண்டும்.
நீக்க, வேரை அறுக்க வேண்டும்.
கத்தரிக்கோல் மேஜையில்தான் இருந்தது.
தொகுநாகா ஜன்னல் பக்கம் திரும்பி
கிரேனை வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்.

பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்தேன்.
மூன்று முறை தேய்த்தேன்,
பூதக்கண்ணாடியில் இடுக்கு இடுக்காகப் பார்த்தேன்,
குளிரில் விரல் மரத்துப்போகும்வரை.
படிவத்தில்
புழு: இல்லை.
மண்: இல்லை.
வேர்களை எண்ணி எழுதியபோது
ஒன்று கூடுதலாக வந்தது.
முத்திரை குத்தினேன்.