கொண்டி

வெள்ளவத்தை மண்டபத்தில் ஏசி கூடிப்போயிருந்தது.
பதினாலு பிள்ளைகள், ஒரே மஞ்சள் டீசேர்ட்,
கைகளைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு.
நான் மொழிபெயர்க்கப் போனவள்.
நாள் கூலியும் பகல் சாப்பாடும்.

நிலந்தி மிஸ் சிங்களத்தில் சொன்னதை
தமிழில் எடுத்து வைத்தேன்: வலுவூட்டல்.
பத்து வருடமாக வைக்கிற சொல்.
யாரும் அதைப் புரட்டிப் பார்த்ததில்லை.

ஜெனிட்டா கை உயர்த்தவில்லை, பேசிவிட்டாள்.
"ஊட்டுறதுன்னா, சோறு ஊட்டுற மாதிரியா அக்கா?
நாங்க வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

"என்ன சொல்கிறாள்?" என்றார் மிஸ்.
"சொல் விளங்கவில்லையாம்" என்றேன்.
பொய்.
அந்த மண்டபத்தில் அவளுக்கு மட்டும்தான் விளங்கியிருந்தது.

தேநீருக்குப் பிறகு பெஸ்டல் கொடுத்தார்கள்.
கனவை வரையச் சொன்னார்கள்.
மரங்கள் வந்தன, ஸ்டெதஸ்கோப்புகள், ஒரு விமானம்.
அவள் கதவு ஒன்று வரைந்தாள். கதவு மட்டும்.
"எதிர்காலத்தின் கதவு!" மிஸ் கைதட்டினார்.
"இல்ல மிஸ். கக்கூஸ் கதவு."

மட்டக்குளியில், ஆற்றோரத் தோட்டத்தில்
இருபத்தாறு வீட்டுக்கு மூன்று.
ஒன்றில் தண்ணீர் வராது, எதிலும் கொண்டி கிடையாது.
உள்ளே போனால் ஒரு காலால் கதவை உதைத்துப் பிடிக்க வேண்டும்,
இல்லையென்றால் பஸ்மிலா வெளியே நின்று பாட வேண்டும்.
பாட்டு நின்றால் ஆள் வருகிறது.
பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிக்கிறதில்லை.
மாதத்தில் நாலு நாள் பள்ளிக்கூடம் இல்லை.
155 எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில்
இதையெல்லாம் சொன்னாள்.

கொண்டிக்குச் சிங்களம் எனக்குச் சட்டென்று வரவில்லை.
விரலை மடக்கிக்
காற்றில் ஒரு கதவைப் பூட்டிக் காட்டினேன்.
மிஸ் பெரிய தாளில் எழுதினார்: பாதுகாப்பு.
ஜெனிட்டா சிங்களம் வாசிப்பாள்.
"அதில்ல மிஸ். கொண்டி. நாலு ஸ்க்ரூவோட."

சான்றிதழில் அவள் பெயர் பிழை.
ஆட்டோவுக்கென்று ஆளுக்கு ஐந்நூறு கொடுத்தார்கள்.
மூன்று பேரும் பஸ்ஸில் போனார்கள்.
மிச்சக் காசை என்ன செய்வார்களென்று
யாரும் படிவத்தில் கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்து, அறிக்கை எழுத
மிஸ்ஸோடு நானும் போனேன்.
முதல் கொண்டியை ஒரே கிழமையில் யாரோ பிடுங்கி
ஆற்றில் எறிந்தார்களாம்.
யாரென்று தெரியும். சொல்ல மாட்டார்கள்.
இரண்டாவதை வாங்கிய கையோடு
அவன் வீட்டுக்குப் போய், அவன் அம்மாவிடமே
ஸ்க்ரூட்ரைவர் இரவல் கேட்டார்களாம்.
அவ எடுத்துக் கொடுத்தாவாம்.
வந்து கதவையும் பிடித்துக்கொண்டு நின்றாவாம்.

வெயில். இரண்டு போத்தல் தண்ணீர் குடித்திருந்தேன்.
கேட்க வெட்கம், கேட்டேன்.

உள்ளே பழைய பிடுங்கல் ஓட்டைகள்,
அதற்கு மேலே ஒரு சாண் தள்ளிப் புதுசு.
மூன்று ஸ்க்ரூ, ஒரு வளைந்த ஆணி.
போட்டேன். டக்.
இரண்டு காலும் நிலத்தில்.

வெளியே பஸ்மிலா பாடவில்லை.
போனில் யாரோடோ
நல்ல சத்தமாகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.